பட்டறைக் கத்தியா, பெட்டிக் கத்தரியா? காப்பித் தோட்டத்துக்குக் கருவி வாங்கும் கணக்கு

என் சித்தப்பா மகன் கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்பத் தோட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறான். 3 ஏக்கர் அரபிகா காப்பி, ஊடே மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலைவாழை, நிழலுக்குச் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும். பழம் பறித்து முடிந்துவிட்டது, அடுத்தது கவாத்து, அதாவது வேண்டாத கிளையை நறுக்கும் வேலை. கொட்டகையில் கிடந்த பழைய கருவிகளில் பாதி துருவேறிப் போய்விட்டன. “அண்ணே, கருவிக்குன்னு 10,000 ரூபாய் ஒதுக்கி வச்சிருக்கேன். இதுல எதை வாங்கட்டும்?” என்று கேட்டு, போனில் 18 படங்கள் அனுப்பினான். அநேகமாக எல்லாவற்றிலும் மூவர்ணக் கோடு. ‘இந்தியத் தயாரிப்பு’, ‘ஜப்பான் எஃகு’, ‘ஹெவி டியூட்டி’, ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று ஒவ்வொன்றிலும் நாலு வாசகம்.

அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. தாண்டிக்குடிப் பக்கம் 20 வருடத்துக்கு மேலாகக் காப்பி பார்க்கிறேன். இந்த மாதிரி வாசகங்களை நம்பி வாங்கியும் இருக்கிறேன், நம்பாமல் ஒதுக்கியும் இருக்கிறேன். இரண்டிலும் நஷ்டப்பட்டது உண்டு. மலையில் புதிதாகத் தோட்டம் பார்க்க வரும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 18 படத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயனில்லை. மண்ணைக் கொத்தி நெம்புவது ஒரு வேலை, மரத்தை வெட்டுவது ஒரு வேலை, செடியை நறுக்குவது ஒரு வேலை. வாங்குவதற்கு நமக்கு நாலு வழி இருக்கிறது: ஊர் ஆசாரியின் பட்டறை, பெயர் பெற்ற இந்தியக் கம்பெனி, ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத ‘இந்தியத் தயாரிப்பு’, வெளிநாட்டுச் சரக்கு. எந்த வேலைக்கு எந்த வழி என்பதுதான் கேள்வி. ‘இந்தியத் தயாரிப்பு நல்லதா?’ என்று பொதுவாகக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாவட்டத்துப் பெருமை அது. ஆனாலும் கடையில் பூட்டு வாங்கும்போது சாவியைப் போட்டு நாலு தடவை திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? ஒரு பொருள் எந்த ஊரில் பிறந்தது என்பதை அந்தக் குறியீடு சொல்லும். கையில் இருக்கும் அந்த ஒரு பூட்டு சரியாகத் திறக்குமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். மூவர்ணக் கோட்டுக்கும் அதே கதைதான்.

கடப்பாரை, மம்பட்டி

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இந்தியக் கம்பெனிச் சரக்கையே வாங்கலாம். டாடா ஸ்டீலின் அக்ரிக்கோ மாதிரி பல பத்தாண்டுகளாக மம்பட்டியும் கடப்பாரையும் பிக்காஸும் செய்கிறவர்களின் கருவிகள் இந்த வேலைக்கு எந்த நாட்டுச் சரக்குக்கும் குறைந்தவை இல்லை. காரணம் எளியது. இவற்றில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. நல்ல எஃகுப் பாளத்தைப் பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்து, வாயை, அதாவது வெட்டும் விளிம்பை மட்டும் கடினப்படுத்தினால் போதும். அந்த வேலை நம் நாட்டுக்கு நன்றாகவே தெரியும்.

விளம்பரத்தில் ‘கார்பன் ஸ்டீல்’ என்று பெரிதாகப் போடுவார்கள். கார்பன் இல்லாத எஃகே கிடையாது, அதனால் அந்தச் சொல் தனியாக எதையும் சொல்வதில்லை. எவ்வளவு கார்பன் என்பதுதான் விஷயம். கட்டடக் கம்பி, கிரில் வேலைக்குப் போகும் சாதா இரும்பில் 0.25 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். அதைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் வாய் பிடிக்கிற அளவுக்கு இறுகாது. 0.5 சதவீதத்துக்கு மேலே போனால்தான் வாய் நிற்கும். சாதா தகட்டில் வெட்டி, கழுத்தை வெல்டிங் வைத்து, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்த மம்பட்டியும் ‘கார்பன் ஸ்டீல்’ என்ற பெயரில் வருகிறது. நம் மலையில் கொத்தும் இடமெல்லாம் வேரும் கல்லும். அப்படிப்பட்ட மம்பட்டி ஒரு மழைக்காலத்துக்குள் வாய் மடங்கிவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை: கணை, அதாவது கைப்பிடிக் கம்பு நுழையும் கண்ணும் தகடும் ஒரே துண்டாக இருக்கிறதா, இல்லை ஒட்டு தெரிகிறதா? கம்பெனி பெயர் இரும்பிலேயே அச்சாகப் பதிந்திருக்கிறதா, ஸ்டிக்கராக மட்டும் இருக்கிறதா? விரலில் தொங்கவிட்டு ஒரு சாவியால் தட்டினால் மணி மாதிரி ஓசை வருகிறதா? ‘டப்’ என்று செத்த ஓசை வந்தால் எங்கேயோ விரிசலோ ஒட்டோ இருக்கிறது என்று அர்த்தம். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் மேலே ‘ஐஎஸ்’ என்று தொடங்கும் இந்தியத் தர எண்ணும் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். போனில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கம்பெனி மம்பட்டியில் எனக்கு ஒரே குறை. அது சமவெளிக்கு அளவெடுத்தது. சரிவில் மேல்நோக்கி நின்று கொத்தும்போது தகடு உடம்பின் பக்கம் இன்னும் கொஞ்சம் மடங்கியிருந்தால்தான் முதுகு தப்பிக்கும். அதற்கு நான் செய்வது, கம்பெனித் தகட்டை வாங்கி ஆசாரியிடம் கொடுத்து, கழுத்தை மட்டும் காய்ச்சி மடக்கி வாங்கிக்கொள்வது. வாயைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், சூடுபட்டால் கம்பெனி ஏற்றிய கடினம் இறங்கிவிடும். கணைக்குக் கடைக் கம்பு தேவையில்லை. தோட்டத்துக் கொய்யாக் கம்பே போதும், இல்லாவிட்டால் கீழேயிருந்து கருவேலங்கம்பு கொண்டுவரலாம். நார் ஓட்டம் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை நேராகப் போகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில்தான் ஒடியும்.

வெட்டுக்கத்தி

இதற்கு ஆசாரிதான். 18 படங்களில் 5 படங்கள் வெட்டுக்கத்திதான், அவற்றில் ஒன்றைக்கூட நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

எங்கள் பக்கத்து ஆசாரி லாரிப் பட்டையில்தான் கத்தி அடிக்கிறார். லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன், அதோடு சிலிக்கானும் மாங்கனீசும் இருக்கும். வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து லட்சக்கணக்கான தடவை அடி வாங்குவதற்கென்றே செய்த எஃகு. கட்டையைக் கொத்தும்போது கத்திக்குத் தேவையான குணமும் அதுதான்: வாய் நிற்க வேண்டும், உடம்பு உடையக் கூடாது. இவ்வளவு பொருத்தமான எஃகு பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கிறது.

எஃகு பாதி விஷயம்தான். மீதிப் பாதி தோய்ச்சல். ஆசாரி கத்தியை முழுவதும் உலையில் போட்டுத் தோய்ப்பதில்லை. வாய்ப்பக்கத்தை மட்டும் பழுக்க வைத்து, வாயை மட்டும் முக்கி எடுக்கிறார். முதுகு மெதுவாக ஆறி, இளகின பதத்திலேயே நிற்கும். பிறகு வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுச் சூடு வாய்க்கு ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறார். 230 டிகிரி பக்கம் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, 280 பக்கம் ஊதா, 300 வந்தால் நீலம். வைக்கோலில் நிறுத்தினால் வாய் ரொம்பக் கடினமாக இருந்து, கணுவில் பட்டதும் சில்லுச் சில்லாகப் பெயரும். நீலம் தாண்டிவிட்டால் மடங்கும். வெட்டுக்கத்திக்குப் பழுப்பு ஊதாவாக மாறும் இடத்தில் நிறுத்துவார். டிகிரிக் கணக்கு அவர் வாயில் வராது. ஆனால் மாலை மங்கிய வெளிச்சத்தில்தான் தோய்ச்சல் போடுவார், வெயிலில் நிறம் ஏமாற்றும் என்பார்.

ஆன்லைன் கத்திக்கு என்ன குறை? இரண்டு வருடம் முன்பு ஒன்று வாங்கினேன். தகடு முழுவதும் அலையலையாகக் கோலம். ‘பண்டைய இந்திய எஃகு மரபு’ என்று பெட்டியில் எழுதியிருந்தது. மரபு உண்மைதான். இங்கிருந்து மலையிறங்கி வடக்கே போனால் ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல். இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயம் அங்கே அகழாய்வில் கிடைத்திருக்கிறது. தென்னிந்திய உருக்கு உலகமெல்லாம் போன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெருமையைச் சொல்லி விற்கிறவன் அதற்குத் தகுந்த பொருளையாவது தர வேண்டாமா? அந்தக் கோலம் நாலாவது தடவை தீட்டியபோது அழிந்துவிட்டது. எஃகுக்குள் ஓடும் கோலமாக இருந்தால், தீட்டித் திராவகம் பூசினால் திரும்ப வரும். இது மேலே பதித்தது. அரம் வைத்துப் பார்த்தேன், வாயும் முதுகும் ஒரே மாதிரி மெத்தென்று கடித்தது. தோய்ச்சலே போடாத தகடு. எனக்கு அன்று வந்த கோபம் 900 ரூபாய்க்காக வந்தது இல்லை.

ஆசாரிக் கத்தியிலும் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓடி ஓய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஒடிந்து கழற்றிய பட்டை வேண்டாம், வண்டி மாற்றும்போது கழற்றிய முழுப் பட்டையாகப் பார்த்து அடியுங்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், ஒரே ஆசாரி அடித்தாலும் இரண்டு கத்தி ஒன்றுபோல இருக்காது. ஆனால் சரியில்லை என்றால் அதே வாரம் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்கலாம். “தோய்ச்சல் ஏறிப்போச்சு, இருங்க” என்று மறுபடி உலையில் வைத்துக் கொடுப்பார். எந்த உத்தரவாத அட்டையும் எனக்கு இந்த வசதியைத் தந்ததில்லை. இன்றும் நான் கொண்டுபோகும் கத்தி 14 வருடம் முன்பு அடித்தது. மூன்று தடவை வாய் அடித்து வாங்கியிருக்கிறேன்.

சமவெளிக்காரர்கள் பெரிய அரிவாளைச் சிபாரிசு செய்வார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கும் பெயர் தெரிந்ததுதான். காப்பிச் செடிக்கு நடுவில் கையை முழுவதும் வீசி வெட்ட இடமில்லை, அதனால் முழங்கைக்கும் குறைவான நீளத்தில், நுனி கொஞ்சம் வளைந்த கத்திதான் நமக்கு வசதி. ஆசாரியிடம் அளவு சொன்னால் அந்த அளவுக்கே அடித்துத் தருவார்.

கவாத்துக் கத்தரி

உண்மையான குழப்பம் இங்கேதான். தம்பி அனுப்பியதில் 9 படங்கள் இதுதான்.

முதலில் வேலை எவ்வளவு என்று பார்ப்போம். ஏக்கருக்குச் சுமார் 1,000 செடி, 3 ஏக்கருக்கு 3,000. போன வருடம் என் தோட்டத்தில் 10 செடிக்கு எண்ணிப் பார்த்தேன். காய்ந்த குச்சி, குறுக்கே ஓடும் கிளை, நடுவில் எழும்பும் போத்து எல்லாம் சேர்த்து ஒரு செடிக்கு 12-லிருந்து 20 வெட்டு. 15 என்று வைத்தாலும் 45,000 வெட்டு. இரண்டு ஆள் வெட்டினால் ஆளுக்கு 22,500. தினம் 1,000 வெட்டு என்று போனால் 22, 23 நாள் வேலை. மாடித் தோட்டத்தில் ரோஜாவுக்கு வாங்கும் கத்தரி வருடம் முழுவதும் வெட்டுவதை இது ஒரே காலையில் வெட்டிவிடும். ஆன்லைனில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் எத்தனை பேர் 1,000 வெட்டு வெட்டியிருப்பார்கள்? அந்த நட்சத்திரம் பொய் என்று சொல்லவில்லை. அது வேறு வேலைக்குப் போட்ட நட்சத்திரம்.

வகையையும் பார்க்க வேண்டும். ஒரு கத்தி தட்டையான பலகைமேல் இறங்கி வெட்டும் வகை ஒன்று உண்டு. ‘ஹெவி டியூட்டி’ என்று விற்கும் சில அந்த வகைதான். காய்ந்த குச்சிக்குப் பரவாயில்லை. பச்சைக் கிளையில் பட்டையை நசுக்கிவிடும், நசுங்கின இடம் சீக்கிரம் ஆறாது. காப்பிக்கு இரண்டு வாயும் உரசிக்கொண்டு போகும் கத்தரிக்கோல் வகைதான் வேண்டும்.

முதல் வழி, பெயர் தெரியாத ஆன்லைன் கத்தரி, 300 ரூபாய் சுமாருக்கு. நான் வாங்கியதில் ‘எஸ்கே-5 ஜப்பான் எஃகு, இந்தியத் தயாரிப்பு’ என்று இருந்தது. எஸ்கே-5 என்பது ஜப்பான் தர நிர்ணயத்தில் ஒரு எஃகு வகையின் பெயர், கார்பன் 0.8 முதல் 0.9 சதவீதம். நல்ல வகைதான். ஆனால் அந்தக் கலவையில் எஃகை எந்த நாட்டிலும் உருக்கலாம். ‘எஸ்கே-5’ என்று இருந்தால் ஜப்பானில் இருந்து வந்தது என்று அர்த்தமில்லை. அதைவிட முக்கியம், நல்ல எஃகு நல்ல கத்தியாவது சூளையில்தான். முதல் தரக் கொட்டையை வாங்கி வறுக்கும்போது கருக விட்டால் காப்பி என்ன ஆகும்? எஃகும் அப்படித்தான். நல்ல கத்தரியின் வாய், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 50-களின் நடுவில் நிற்கும். அந்த எண் என் பெட்டியில் எங்கேயும் இல்லை. ஒன்பதாவது நாள் கத்தியின் நடுப்பகுதி ஒருபக்கமாக மடங்கி, கிளையை வெட்டாமல் மென்று துப்ப ஆரம்பித்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ‘விற்பனை செய்பவர்’ என்று ஒரு முகவரி இருந்தது, செய்தவர் யார் என்று இல்லை. 2011-ன் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள்படி பொட்டலத்தில் தயாரித்தவர், அல்லது பொட்டலம் கட்டியவர், அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இறக்குமதியானால் எந்த நாடு என்றும் போட வேண்டும். 2020-ன் மின்வணிக விதிகள்படி ஆன்லைன் பக்கத்திலும் நாட்டின் பெயர் தெரிய வேண்டும். வாங்கும் முன்பே இதைப் பார்த்திருக்கலாம். அதிலிருந்து என் விதி இது: செய்தவர் பெயர் இல்லாத கருவியை, அதில் எந்தக் கொடி இருந்தாலும், வாங்குவதில்லை. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ பற்றி விற்றவருக்கு எழுதினேன். தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், தேய்மானத்துக்கு இல்லை என்று பதில் வந்தது. கத்தி மடங்குவது தேய்மானமாம். இப்படி மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நான் அங்கே புகார் வைத்த பிறகுதான் பணம் திரும்பி வந்தது.

இரண்டாவது வழி, பெயர் பெற்ற இந்தியக் கம்பெனி. லூதியானாவின் ஃபால்கன் மாதிரி தோட்டக் கருவிக்கென்றே இருக்கிற கம்பெனிகளும், இன்னும் இரண்டு மூன்று பெயர்களும் வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் கடைகளில் கிடைக்கும். 500-லிருந்து 700 ரூபாய் வரை. இவற்றைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். எஃகு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தீட்டினால் வாய் ஏறுகிறது, நிற்கிறது. பெருவிரல் தடிமன் வரை சிரமமில்லை. குறை எங்கே என்றால், ஒரே பெட்டியில் எடுத்த இரண்டு கத்தரிக்கு இரண்டு குணம். ஒரு கடையில் ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் ஆறு கத்தரியை மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று அருமை. இரண்டில் நடு ஆணி தளர்ந்து வாய்கள் பக்கவாட்டில் ஆடின. ஒன்றில் இரண்டு வாய்க்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. விலை ஆறுக்கும் ஒன்றே.

இது நம்மவர்களுக்குச் செய்யத் தெரியாததால் வருவது இல்லை. ஜலந்தரிலும் லூதியானாவிலும் செய்யும் ஸ்பேனரும் சுத்தியலும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகின்றன. ஜலந்தரில் 1983 முதல் கைக்கருவிகளுக்கென்றே ஒரு மத்திய நிறுவனமும் இயங்குகிறது. வெளிநாட்டுக்காரன் பத்தில் ஒன்று சரியில்லை என்றாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறான். நம் ஊரில் அந்தச் சோதனையைக் கடைசியில் வாங்குகிறவன் தலையில் விட்டுவிடுகிறார்கள். என் வருத்தம் அதுதான். விளம்பரத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தைக் கடைசிச் சோதனை மேசைக்குச் செலவழித்தால், அந்த மூவர்ணக் கோட்டுக்கு ஓர் அர்த்தம் வரும்.

அதுவரை சோதனை மேசை நம் கைதான். நான் கடைக்குப் போகும்போது பையில் பழைய செய்தித்தாளும் சின்ன அரமும் எடுத்துப் போகிறேன். கத்தரியைப் பூட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வாய் நுனிவரை ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். இரண்டு கைப்பிடியையும் பக்கவாட்டில் அசைப்பேன், ஆடக் கூடாது. செய்தித்தாளை வாயின் அடியிலிருந்து நுனிவரை ஒரே வெட்டாக வெட்டுவேன், எங்கே மடித்து இழுக்கிறதோ அங்கே குறை. கடைக்காரர் சம்மதித்தால் வாயின் அடிமூலையில் அரத்தை மெல்ல ஓட்டுவேன். வெண்ணெய் மாதிரி கடித்தால் மெத்து. கண்ணாடி மேல் போல வழுக்கினால் அதிகக் கடினம், கணுவில் சில்லு பெயரும். கொஞ்சம் அடம்பிடித்துக் கடித்தால் அதை எடுத்துக்கொள்வேன். சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. இந்தச் சோதனையை ஆன்லைனில் செய்ய முடியாது என்பதுதான் இந்த ஒரு பொருளைக் கடையில் போய் வாங்கச் சொல்வதற்கு எனக்கு இருக்கும் ஒரே காரணம், அதுவே போதும்.

மூன்றாவது வழி, வெளிநாட்டுச் சரக்கு. சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ 1945-ல் இருந்து இந்த ஒரு பொருளையே பெரிதாகச் செய்து வருகிறது. நான் வாங்கியபோது 6,000 ரூபாய்க்குப் பக்கம் ஆனது. கூசத்தான் செய்தது. எட்டு வருடமாக ஓடுகிறது. கத்தி, ஸ்பிரிங், ஆணி என்று எல்லாப் பாகமும் தனியாகக் கிடைக்கும். இதுவரை ஒரு கத்தியும் இரண்டு ஸ்பிரிங்கும் மாற்றியிருக்கிறேன். விளம்பரத்தில் சொன்னது அத்தனையும் கையில் அப்படியே இருந்த கருவி என் அனுபவத்தில் இது ஒன்றுதான். மாலையில் மணிக்கட்டு வலிப்பதில்லை என்பதைப் பணத்தில் எப்படிக் கணக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் 50 வயதுக்கு மேல் அதுதான் பெரிய கணக்கு.

பணக் கணக்கு மட்டும் பார்த்தால்: தேர்ந்தெடுத்த இந்தியக் கத்தரி எனக்கு மூன்று பருவம் வந்தது, வருடத்துக்கு 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சுவிஸ் கத்தரி பாகங்களோடு சேர்த்து இதுவரை வருடத்துக்கு 1,000-ஐ ஒட்டி வருகிறது, இன்னும் பல வருடம் ஓடினால் குறையும். ஆக இந்தியக் கத்தரிதான் மலிவு. 300 ரூபாய் ஆன்லைன் கத்தரி ஒன்பது நாளில் போனால் அதுதான் மூன்றிலும் விலை கூடியது.

தம்பிக்கு நான் சொன்னது, முதல் வருடம் சுவிஸ் வேண்டாம். புதுக் கை எதை எதையோ வெட்டிப் பார்க்கும். வேலிக் கம்பியை வெட்டும், தடித்த கிளையில் மாட்டிக்கொண்டு திருகும். அந்தப் பாடத்தை 600 ரூபாய்க் கத்தரியில் படிக்கலாம். பெருவிரலைவிடத் தடித்ததை ரம்பத்துக்கு விட்டுவிடும் பழக்கம் கைக்கு வந்த பிறகு, அடுத்த பருவத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கவாத்தை முழுவதும் கூலி ஆள் வைத்துச் செய்கிறவர்களுக்கும் இந்தியக் கத்தரிதான் என் சிபாரிசு, ஆளுக்கு ஒன்றும் உபரியாக ஒன்றும்.

மற்றவை

கவாத்து ரம்பத்துக்கு ஒரே ஒரு விஷயம். பல் நுனி மட்டும் நீலம் பாரித்துக் கறுத்திருந்தால், அது மின்சூட்டில் கடினமாக்கின பல். ரொம்ப நாள் கூர் நிற்கும், ஆனால் அரம் ஏறாது, மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். மாற்றுத் தகடு கிடைக்காத ரம்பம் ஒருமுறைப் பொருள்தான். கிடைக்கும் என்றால் மடக்கு ரம்பம், இல்லாவிட்டால் அரம் பிடித்துக்கொள்ளக்கூடிய சாதா பல்.

கட்டிங் பிளேயரும் ஸ்பேனரும் காட்டுமாடு உடைத்த வேலியைச் சரிசெய்யவும், மருந்தடிக்கும் மெஷினையும் பம்ப் செட்டையும் கழற்றவும் வேண்டும். இதில் யோசிக்கவே வேண்டாம். ஸ்வீடன் தொழில்நுட்பக் கூட்டுறவில் தொடங்கிய டபாரியா மாதிரி பழைய இந்தியக் கம்பெனி போதும். நாடு முழுக்க மெக்கானிக் கையில் இருப்பது அதுதான். ‘குரோம் வெனேடியம்’ என்று எஃகு வகையின் பெயரைப் பொறித்திருப்பதைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது, அந்த எழுத்தை யாரும் பொறிக்கலாம். ஸ்பேனர் வாய் நட்டில் ஆடாமல் உட்காருகிறதா என்று ஒரு போல்ட்டை எடுத்துப் போய்ப் பார்த்தால் போதும். ‘1000 வோல்ட்’ என்று பிடியில் எழுதியிருந்தாலும், மின்சாரத்தை நிறுத்தாமல் கை வைக்காதே என்று அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வாழைத்தார் வெட்டிய கத்தியை அன்றே கழுவித் துடைக்க வேண்டும், கறை இரும்பை அரித்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவாதே, குளிரில் உறைந்து கத்தரியின் ஆணியை அடைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

கடைசியில் எழுதிக்கொடுத்த சீட்டு இதுதான். கடப்பாரை ஒன்று 1,000. மம்பட்டித் தகடு இரண்டு 1,100. ஆசாரியிடம் வெட்டுக்கத்தி ஒன்று 800. இந்தியக் கத்தரி இரண்டு 1,300. மடக்கு ரம்பம் 700. பிளேயர் 350, ஸ்பேனர் செட் 900. அரமும் தீட்டுக்கல்லும் 500. மொத்தம் 6,650. மீதி 3,350-ஐ அடுத்த பருவத்துக் கத்தரிக்கு எடுத்து வை என்றேன். தீட்டுக்கல்லுக்கு இவ்வளவா என்று கேட்டான். அந்தச் சீட்டில் குறைக்கக் கூடாதது அது ஒன்றுதான்.

ஆசாரிக்குச் சொல்லியாயிற்று, நல்ல பட்டை ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமை தம்பியோடு வத்தலக்குண்டுக்கு இறங்குகிறேன். பழைய செய்தித்தாளையும் பம்ப் செட் போல்ட்டையும் அவன் எடுத்து வருகிறான், அரம் என் பையிலேயே இருக்கிறது.